ஆறு அங்குலக் குழி

கல்முனை பஸ்தரிப்பிடத்துக்குப் பின்னால்
மூக்குக்கண்ணாடிக் கடையில்
வில்லை வெட்டுகிறவள் நான்.
பகலெல்லாம் பிறர் கண்களுக்கு.
இரவில், மூன்று மாதமாக,
ஒரு தடித்த கண்ணாடி வட்டத்துக்கு.

கண்ணாடி மேல் கண்ணாடி,
நடுவே கருந்தூள், தண்ணீர்.
தள்ளியும் இழுத்தும்
பீப்பாவைச் சுற்றிச் சுற்றி நடந்தும்
அரைத்தேன்.
"என்ன கா, நடுச்சாமத்தில சம்பலா?"
மதிலுக்கு அப்பாலிருந்து நஜீமா.

குழியின் ஆழம் ஒரு மில்லிமீற்றர்,
இன்னும் ஒரு துளி.
எறும்பு இறங்கினால்
இறங்கியதே அதற்குத் தெரியாது.
அந்தப் பள்ளத்தில்தான்
வானம் வந்து தேங்க வேண்டும்.

சோதிக்க ஒரு சவர அலகு, ஒரு டோர்ச் குமிழ்.
ஒருநாள் மறதியாய்
பெருவிரலை வைத்து எடுத்துவிட்டேன்.
நிழலில் அந்த இடம்
குன்றாய் வீங்கி நின்றது.
என் சூடு ஆறிக்
கண்ணாடி மறுபடி கண்ணாடியாகும்வரை
கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

குழாய், நீர்வழங்கல் வேலையில் மிஞ்சியது;
பைரூஸ் தூக்கி வந்தான்.
கண்வில்லை நுழைவது
பேசினுக்கு அடியில் இருக்க வேண்டிய பைப்பில்.
குறுக்கே சின்னக் கண்ணாடியைத் தாங்குவன
நாலு வாள் அலகுகள்.
வெள்ளி நைத்திரேற்று
கமலவேணி மிஸ் சம்பளத்தில் வாங்கியது.
சீனிக் கரைசலோடு அவவே ஊற்றினா.
முதலில் சேறு.
மறுகா கறுப்பு.
மறுகா ஒரு மூக்கு,
மிஸ்ஸின் மூக்கு, மிகப் பெரிதாக.
தலைமயிரை ஆயிரமாய் வகிர்ந்தால்
ஒரு கீற்று எவ்வளவோ
அவ்வளவுதான் அந்த வெள்ளி.

பெரிதாக்கிக் காட்டத்தான் தொலைநோக்கி என்பார்கள்.
அது பிந்திய வேலை.
மழைக்குள் போத்தலை வைத்துப் பார்,
பிறகு அண்டாவை வை.
எந்த இருட்டிலும் கண்மணி
மிளகைவிடச் சற்றே பெரிது.
இந்தக் குழியோ நானூறு கண்மணிக்கு ஏந்தும்.
ஏந்தியதை ஒரு புள்ளியில் கூட்டித் தரும்,
தலைகீழாக.
அங்கே மேலென்றும் கீழென்றும் இல்லாததால்
எனக்கு முறைப்பாடில்லை.

புரட்டாசி அமாவாசை.
வள்ளங்களின் விளக்குக்கு மேலே
வடகிழக்கில் குழாயைத் திருப்பினேன்.
பைரூஸ் குனிந்தான்.
"இவ்வளவுதானா?"
"என்ன தெரியுது?"
"ஆரோ மூச்சுவிட்ட மாதிரி ஒரு புகார்."
சாரன் முனையால் வில்லையைத் துடைத்தான்.
பார்த்தான்.
மறுகாவும் துடைத்தான்.
"போகுதில்ல புள்ள."

போகாது.
அது அந்திரொமீடா,
நம்முடையதைப்போல் இன்னொரு நட்சத்திரத் திரள்.
இந்த வெளிச்சம் புறப்பட்டு
இருபத்தைந்து இலட்சம் வருசம்.

"நேரே பாராத. பக்கத்தைப் பார்."

நாள் முழுக்கக் கடையில்
நேரே பாருங்க, அசையாதீங்க என்கிறவள்
இங்கே மாற்றிச் சொன்னேன்.
மங்கலை அறியாது கண்ணின் நடு;
ஓரந்தான் அறியும்.

அவன் பக்கத்தைப் பார்த்தான்.
பேச்சு நின்றது.
ஒரு வள்ளம் வந்து, வலை இறக்கி,
மீனுக்கு விலையும் பேசி முடிந்தது.
வரிசையில் நின்ற எங்களுக்கு
அவன் இடம் விடவேயில்லை.

கடற்காற்று வெள்ளிக்கு ஆகாது.
ஐப்பசி மழைக்குள் ஓரம் மஞ்சளித்தது.
கார்த்திகையில் முழுவதும் தேயிலைச் சாயம்.
அவ்வளவு தூரம் வந்த வெளிச்சத்துக்கு
நாங்கள் திறந்துவைத்த வாசல்
ஆறு கிழமை.

மாரி ஓய்ந்த ஒரு பகலில் அமிலம் ஊற்றினேன்.
வெள்ளி போனது.
குழி அப்படியே கிடந்தது,
எதையும் பிடிக்காமல், எதையும் இழக்காமல்.

"அடுத்த வருசமும் அங்கனக்குள்ளதான் நிக்குமா அது?"
பைரூஸ் கேட்டான்.

"நிக்கும்.
நம்மட ஸ்டாண்ட்தான் நிக்கிதில்ல.
ஒரு நல்ல பலகை பார்."